மளிகைச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்: அன்றாடச் சாப்பாட்டைத் திட்டமிடும் வழி

"நாளைக்கு என்ன சமைக்கிறது?" இரவு பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்து, விளக்கை அணைக்கும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். பதில் கிடைக்காவிட்டால் மறுநாள் காலை ரவா உப்புமா, மதியம் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும், இரவு தோசைக்குப் பொடி என்று ஓடிவிடும். ஒரு நாள் இப்படி ஓடினால் ஒன்றும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் ஓடினால் தட்டில் காயே இருக்காது.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், கணவர், பள்ளிக்குப் போகும் மகள், அத்தை. சில ஆண்டுகளுக்கு முன் கணவருக்கு ரத்தச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று சொல்லி, அச்சடித்த உணவுப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு சூப். இரண்டு வாரம்கூட அதைப் பின்பற்ற முடியவில்லை. அந்தத் தாளில் எங்கள் வீட்டில் சமைக்கும் பதார்த்தம் ஒன்றுகூட இல்லை. அவருக்குத் தனிச் சமையல், எங்களுக்குத் தனிச் சமையல் என்று ஆனது. மேசையில் அவர் மட்டும் வேறு எதையோ சாப்பிட்டுக்கொண்டிருப்பது எல்லோருக்குமே வருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு வேறு வழியில் போனோம். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், இட்லி எல்லாம் அப்படியே இருக்கட்டும், எது எவ்வளவு என்பதை மட்டும் மாற்றுவோம் என்று முடிவு செய்தோம். அது நிலைத்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்த அளவுகளைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும்.

முதல் மூன்று நாள்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டில் மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் எழுதுங்கள். அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, மாலையில் எத்தனை பிஸ்கட், குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததை யார் சாப்பிட்டார்கள் என்பதும் அதில் வர வேண்டும். நல்லது கெட்டது என்று குறிக்க வேண்டாம்.

எங்கள் நோட்டில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. காலையில் காய் என்று எதுவுமே இல்லை. மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்தான் முறுக்கும் மிக்சரும் உள்ளே போயின. அப்புறம் டீ. நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை டீயிலேயே முடிந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. அந்தக் கணக்கில் வெல்லமும் தேனும் பிஸ்கட்டில் இருக்கும் சர்க்கரையும் சேரும். நாங்கள் வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தோம். நாக்குக்குப் பழகிவிட்டது. ஒரே நாளில் சர்க்கரையை நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

இரண்டாவது வேலை: மளிகைச் சீட்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்

எனக்கு மிகவும் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தட்டில் போடுவதைத் தினமும் எடை போட யாராலும் முடியாது. ஆனால் மாதம் எவ்வளவு வாங்குகிறோம் என்பது சீட்டிலேயே இருக்கிறது. வீட்டுக்குள் வந்தால்தானே தட்டுக்கு வரும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அளவுகள் கொடுத்திருக்கிறார்கள். சமைக்காத எடையில் அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். பருப்பு, பயறு 85 கிராம், அசைவம் சாப்பிடுகிறவர்கள் அதில் ஒரு பகுதியை முட்டை, மீன், கறியாக எடுக்கலாம். கீரையும் சேர்த்துக் காய்கள் 400 கிராம், பழம் 100 கிராம், பாலும் தயிருமாக 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் 27 கிராம். வெயிலில் உடல் உழைப்பவருக்கு இது போதாது, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சிறிய உடம்புக்காரருக்கு இது கூடுதல். ஒரு வீட்டின் சராசரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதை நான்கு பேருக்கு மாதக் கணக்காக மாற்றினால் தானியம் 30 கிலோ வருகிறது. பருப்பு வகை சுமார் 10 கிலோ. எண்ணெய் மூன்றரை லிட்டர். காய் வாரத்துக்கு 11 கிலோ. நீங்கள் மூன்று பேர் என்றால் முக்கால், தனியாக இருந்தால் கால் பங்கு.

எங்கள் பழைய சீட்டைக் கூட்டினேன். சாப்பாட்டு அரிசி, இட்லி அரிசி, ரவை, கோதுமை மாவு, சேமியா எல்லாம் சேர்த்து 41 கிலோ. பருப்பு உளுந்தோடு சேர்த்து மூன்றரைக் கிலோ. எண்ணெய் ஐந்து லிட்டர். காய் வாரத்துக்கு ஐந்து கிலோ, அதிலும் ஒன்றரைக் கிலோ உருளைக்கிழங்கு. கிழங்கை இந்தக் கணக்கில் காயாகச் சேர்க்காதீர்கள், அது சோற்றோடு சேர வேண்டியது.

பத்து கிலோ பருப்பா என்று மலைக்க வேண்டாம். முப்பது கிராம் பருப்பில் இருக்கும் புரதம் ஏறக்குறைய ஒரு முட்டையில் இருக்கிறது. மாதம் அறுபது முட்டையும், வாரம் ஒரு கிலோ மீனோ கோழியோ வாங்கும் வீட்டுக்குப் பருப்பு ஐந்தாறு கிலோ போதும். நாங்கள் இப்போது ஆறு கிலோ வாங்குகிறோம். ரேஷன் கடையில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். மிச்சத்தில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு என்று கலந்து வாங்குங்கள்.

உப்புக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஒருவருக்கு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, கடைத் தின்பண்டம் எல்லாவற்றிலும் தனியாக உப்பு இருப்பதால், அவை வீட்டில் நிறையப் புழங்கினால் பாக்கெட் இன்னும் அதிக நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றைக்கே அதன் மேல் தேதி எழுதிவைத்தால் போதும்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். முதல் மாதம் பருப்பைக் கூட்டுங்கள். அடுத்த மாதம் காயைக் கூட்டுங்கள். காய் கூடினால் அரிசி தானாகவே குறையும், அதற்கென்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியிருக்காது.

மூன்று சோறு

நம் மதியச் சாப்பாட்டில் சாம்பார் சோறு, ரசச் சோறு, தயிர்ச் சோறு என்று மூன்று முறை சோறு வருகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் என்று தோன்றும். தொட்டுக்கொள்ள வைத்த பொரியல் முதல் சோற்றோடு தீர்ந்துபோகும், கடைசிச் சோற்றுக்கு ஊறுகாய்தான்.

"சாப்பாடுன்னா சோறுதாம்மா" என்று அத்தை சொல்வார். அவர் சொல்வதில் தப்பில்லை. சோற்றை எடுக்கச் சொன்னால் சாப்பிட்ட நிறைவே போய்விடும். அதனால் பரிமாறும் வரிசையை மாற்றினோம். முதலில் தட்டில் பாதி நிறையும் அளவுக்குப் பொரியலும் கூட்டும். அதில் கொஞ்சம் வெறுமனே சாப்பிட்டுவிட்டு அப்புறம் சாம்பார் சோறு. காயும் பருப்பும் முன்னால் உள்ளே போனால், பின்னால் வரும் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். ரசத்தை டம்ளரில் குடித்துவிடுகிறோம். தயிருக்கு ஒரு சின்னக் கரண்டி சோறு. மூன்று சுற்றும் இருக்கிறது, சோறு மட்டும் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இப்படிச் செய்ய வேண்டுமென்றால் காய் ருசியாக இருக்க வேண்டும். வெறுமனே சாப்பிட முடியாத பொரியலை யாரும் அரைத் தட்டு சாப்பிட மாட்டார்கள். புதிதாகச் சமைப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ள நான் சொல்வது பருப்பு உசிலி. நூறு கிராம் துவரம்பருப்பும் ஐம்பது கிராம் கடலைப்பருப்பும் ஒரு மணி நேரம் ஊறட்டும். தண்ணீரை நன்றாக வடித்து, நான்கு காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரையுங்கள். இட்லித் தட்டில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, ஆறியதும் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். பொடியாக நறுக்கி வேகவைத்த பீன்ஸ் அல்லது கொத்தவரங்காய் அரைக் கிலோ. மூன்று டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து இரண்டையும் சேர்த்துப் புரட்டினால் முடிந்தது. பருப்பை ஆவியில் வேகவைத்துவிட்டதால் எண்ணெயைக் குடிக்காது. நான்கு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு முப்பத்தைந்து கிராமுக்கு மேல் பருப்பும், நூறு கிராமுக்கு மேல் காயும் இந்த ஒரு பதார்த்தத்திலேயே வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் கொத்தவரங்காயை இந்த ஒரு வடிவத்தில்தான் மகள் தொடுவாள்.

கூட்டும் இதே வேலையைச் செய்யும். பூசணி, புடலை, சுரை, சௌசௌ என்று நீர்க்காய் எதுவானாலும் பாசிப்பருப்போடு வேகவைத்து, சீரகம், பச்சை மிளகாய், கொஞ்சம் தேங்காய் அரைத்து ஊற்றினால் போதும். சாம்பாரில் பருப்பைக் கெட்டியாகப் போடுங்கள். நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி போட்டுத் தண்ணீராக விட்டால் அது குழம்புதான், பருப்பு என்று கணக்கில் சேராது.

வாரத்தை அழுகும் வரிசையில் அடுக்குங்கள்

திங்கள் முதல் ஞாயிறு வரை மூன்று வேளைக்கும் பெயர் எழுதி வைக்கும் அட்டவணை என்னிடம் நிலைத்ததில்லை. செவ்வாய்க்கு வெண்டைக்காய் என்று எழுதியிருக்கும், சந்தையில் வெண்டைக்காய் முற்றலாக இருக்கும். அதற்குப் பதிலாக, எது முதலில் வாடுமோ அதை முதலில் சமைப்பது என்ற ஒரு விதியை வைத்துக்கொண்டேன்.

வாங்கிய அன்றும் மறுநாளும் கீரை, வெண்டைக்காய். அடுத்த இரண்டு நாள் கத்திரிக்காய், அவரை, பீன்ஸ், பீர்க்கங்காய், புடலங்காய். கடைசி மூன்று நாள் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி, வாழைக்காய். சந்தையில் எந்தக் காய் நன்றாக இருக்கிறதோ அதை இந்த மூன்று கூட்டத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலையிலேயே போய்விடுவது நல்லது. 1999-இல் மதுரையில் முதலில் திறந்த அந்தச் சந்தைகள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன, விளைவித்தவரே விற்பதால் கீரை அன்றைக்குப் பறித்ததாகக் கிடைக்கும். முடிந்தால் வாரத்தில் இரண்டு முறை போங்கள். பதினொரு கிலோவை ஒரே நாளில் தூக்கி வரவும் முடியாது, குளிர்பெட்டியில் வைக்கவும் இடம் போதாது. நாங்கள் இன்னும் ஒன்பது கிலோவில்தான் இருக்கிறோம்.

கீரையை ஆய வேண்டுமே என்றுதான் பலர் வாங்குவதில்லை. முருங்கைக்கீரைக்கு ஒரு வழி இருக்கிறது. கொத்தாக ஒரு துணியில் சுற்றி இரவு வைத்துவிட்டால், காலையில் உதறும்போது இலைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரையை டிவி பார்த்தபடி ஆய்ந்து, கழுவாமல், காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கடைவதற்கு இருபது நிமிடம் போதும். கீரை சாப்பிடும் அன்று எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று கூட இருக்கட்டும். அதில் இருக்கும் வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர உதவும். சாப்பிட்டதும் டீ, காபி குடித்தால் அந்த இரும்பு சேருவது தடைப்படும், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ரத்தசோகை உள்ள பெண்கள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு பழக்கத்தையாவது கட்டாயம் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாவு

காலைக்கும் இரவுக்கும் மாவுதான் துணை. ஞாயிறு அரைத்தால் இரண்டு நாள் இட்லி, அடுத்து தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம், துருவிய கேரட், கொத்தமல்லி போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ செய்யலாம். அதற்குள் மாவு தீர்ந்துவிட வேண்டும். நாலுக்கு ஒன்று உளுந்து போடுகிறவர்கள் மூன்றுக்கு ஒன்றாக மாற்றிப் பாருங்கள், இட்லி இன்னும் மெத்தென்றே வரும். வாரத்தில் ஒரு நாள் புளிக்கவைக்கத் தேவையில்லாத அடை. அரிசிக்குச் சமமாகத் துவரை, கடலை, உளுந்து, பாசிப்பருப்புக் கலவை, அதில் முருங்கைக்கீரை. இன்னொரு நாள் கம்பு தோசை அல்லது கேழ்வரகு.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதன் அருகில்கூட இல்லை. ஆனால் எட்டு கேழ்வரகு தோசை சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான், சர்க்கரையை ஏற்றும். அதையும் அந்த 250 கிராம் தானியக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

சட்னியும் காயாக மாறலாம். பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ, கோஸ், கேரட், தக்காளி எல்லாமே சட்னிக்கு நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் காலையில் காய் சேர்ந்தது இந்த வழியில்தான்.

நான்கு மணிப் பசி

மிக்சர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால் மூன்றாம் நாள் வேறு டப்பா வந்துவிடும். ஞாயிறு இரவு கால் கிலோ கொண்டைக்கடலை ஊறப்போடுங்கள், காலையில் குக்கரில் உப்புப் போட்டு வேகவைத்து, வடித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் வரும். மாலையில் தாளித்துத் தேங்காயும் மாங்காயும் போட ஐந்து நிமிடம் ஆகும். வியாழக்கிழமைக்கு மேல் பாசிப்பயறு அல்லது வேகவைத்த நிலக்கடலை. தை மாதம் பனங்கிழங்கு வந்துவிடும். கொய்யா கிடைக்கும் காலத்தில் வேறு பழம் தேடவே வேண்டாம், ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது, விலையும் குறைவு.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் நாட்காட்டியையும் பாருங்கள்

மத்தியும் நெத்திலியும் விலை குறைந்த மீன்கள், சத்தில் எதற்கும் குறைந்தவை அல்ல. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் கிடைக்கிறது. பொரிக்காமல் குழம்பாக வைத்தால் எண்ணெய் மிச்சம். ஆனால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் வரத்து குறைந்து விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் முட்டையையும் பயறையும் கூட்டிக்கொள்ளுங்கள். புரட்டாசியில் கறி மீன் எடுக்காத வீடுகளிலும் இதே ஏற்பாடு வேண்டும். பல வீடுகளில் அந்த மாதம் அசைவம் நிற்கும், அதற்கு ஈடாகப் பருப்பு அதிகமாவதில்லை, அப்பளமும் உருளைக்கிழங்கும்தான் அதிகமாகும். புரட்டாசிச் சீட்டில் கூடுதலாக இரண்டு கிலோ பயறு எழுதிவிடுங்கள்.

முடியாத நாளுக்கு மூன்று சமையல்

திட்டம் உடைவது விருந்து நாளில் அல்ல, வேலை முடிந்து எட்டரை மணிக்குக் களைத்துப்போய் வீட்டுக்கு வரும் சாதாரண நாளில்தான். அந்த நாளுக்கென்று இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடியும் மூன்று சமையலை முன்பே தீர்மானித்து, அதற்கான சாமானை எப்போதும் வீட்டில் வைத்திருங்கள். எங்கள் மூன்று இவை. அரிசிக்குச் சமமாகப் பாசிப்பருப்பும் கேரட்டும் பீன்ஸும் போட்ட குக்கர் கிச்சடி. நிலக்கடலையும் வெங்காயமும் கைநிறையப் போட்ட அவல் உப்புமா. மீந்த சோற்றில் தயிர் ஊற்றி, பக்கத்தில் வெங்காயம் தக்காளி போட்ட முட்டைப் பொரியலும் வெள்ளரிக்காயும். மூன்றில் எது என்று அன்று வீட்டுக்கு முதலில் வருகிறவர் முடிவு செய்யலாம், அது என்னவரோ மகளோ யாராக இருந்தாலும் செய்துவிடுவார்கள்.

பரோட்டாவையும் பிரியாணியையும் விலக்க வேண்டாம். மாதத்தில் எத்தனை முறை என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி எண்ணிக்கையை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். எங்களுக்கு இரண்டு சனிக்கிழமை. அந்த நாளில் ஆசை தீரச் சாப்பிடுகிறோம், மறுநாள் யாரும் பட்டினி கிடப்பதும் இல்லை.

சனி இரவு பத்து நிமிடம்

வாரக் கடைசியில் குளிர்பெட்டியைத் திறந்து மிஞ்சியது என்ன என்று பாருங்கள். அவரைக்காய் இரண்டு வாரம் தொடர்ந்து மிஞ்சினால் மூன்றாவது வாரம் வாங்காதீர்கள், உங்கள் வீட்டுக்கு அது பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதே எடைக்கு முதலில் தீர்ந்துபோன காயை எழுதுங்கள். கீரை வாடிக் கிடந்தால் சந்தைக்குப் போகும் நாளை மாற்றுங்கள். பழைய நோட்டை எடுத்து நான்கு மணிக்கு என்ன சாப்பிட்டோம் என்று ஒரு வரி சேருங்கள். அப்புறம் காலையில் அரைக்க வேண்டிய அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டுவிட்டு, அடுத்த வாரச் சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சீட்டின் கடைசியில் அத்தை தன் கையெழுத்தில் சுண்டைக்காய், மணத்தக்காளி என்று இரண்டு வரி சேர்த்துவைக்கிறார்.